சுமை ஏற்றுமுன்பே நசுங்கிய பைல்

“அண்ணே, ரெண்டு நாள் வேலைதான். ஃபைபரைக் கம்பியில கட்டணும், நாலு ஸ்பிளைஸ் அடிக்கணும், முடிஞ்சுது” என்று சொல்லித்தான் தம்பி என்னைக் கூப்பிட்டான். அந்த ரெண்டு நாள் ஐந்து வாரத்துக்கு இழுத்தது.

தம்பி என்றால் கூடப் பிறந்தவன் இல்லை. ஆயர் ஈத்தாமில் ஒரே அடுக்குமாடியில் வளர்ந்தோம். அவன் படித்து அடித்தளப் பொறியாளர் ஆனான், நான் பினாங்கு முழுக்க வீடு வீடாக ஃபைபர் இழுக்கும் வேலைக்குப் போனேன். பதினெட்டு வருடமாக, இழைகளை உருக்கி ஒட்டும் (அந்த ஒட்டுதான் ஸ்பிளைஸ்) ஸ்பிளைசரும், இழையில் எங்கே பழுது என்று காட்டும் ஓடிடிஆரும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. ஆனால் அந்தக் கண்ணாடி இழையே அளக்கும் கருவியாகவும் வேலை செய்யும் என்பது இந்த வேலைக்கு முன்னால் எனக்குத் தெரியாது, சொல்லிக்கொள்வதில் வெட்கம் இல்லை.

வேலை இதுதான். ஜெலுத்தோங் கடலோரத்தில் ஒரு கட்டடத்துக்குப் பைல் போடுகிறார்கள், அதாவது கட்டடத்தைத் தாங்க நிலத்துக்குள் இறங்கும் கான்கிரீட் தூண். 900 மி.மீ. விட்டம், 32 மீட்டர் ஆழம், துளை போட்டு உள்ளே கம்பிக் கூடு இறக்கிக் கான்கிரீட் ஊற்றும் வகை. அதில் ஒன்றைச் சோதனைப் பைலாக எடுத்து, அது தாங்க வேண்டிய 4000 கிலோநியூட்டனைப் போல இரண்டு மடங்கு சுமை ஏற்றிப் பார்ப்பார்கள். மேலே எவ்வளவு இறங்கியது என்பது சாதாரண அளவுமானியிலேயே தெரிந்துவிடும். உள்ளே எந்த ஆழத்தில் எவ்வளவு சுமையை மண் வாங்கிக்கொண்டது என்பதைத் தெரிந்துகொள்ள, பைல் ஒவ்வொரு மீட்டரிலும் எவ்வளவு நசுங்குகிறது என்று பார்க்க வேண்டும். இந்த நசுக்கத்தையும் இழுப்பையும்தான் திரிபு என்கிறார்கள். வழக்கமாகக் கம்பியில் நாலைந்து ஆழத்தில் அதை அளக்கும் திரிபுமானி கட்டுவார்கள், அதை இங்கேயும் 2, 10, 20, 30 மீட்டரில் கட்டியிருந்தார்கள். அந்த நாலு இடத்துக்கு நடுவில் நடப்பது வெறும் ஊகம். அந்த ஊகத்தை ஒழிக்கத்தான் ஃபைபர்.

ஃபைபருக்குள் ஒளியை அனுப்பினால் மிகச் சிறிய பங்கு கண்ணாடியிலேயே சிதறித் திரும்பி வரும். ஓடிடிஆர் பார்ப்பது ரேலீ சிதறலை, அதில் இழப்பு மட்டும் தெரியும், எங்கே மடங்கியது, எங்கே அறுந்தது என்பது வரை. இன்னொரு சிதறல் இருக்கிறது. கண்ணாடிக்குள் எப்போதும் நுண்ணிய ஒலி அலைகள் ஓடிக்கொண்டே இருக்கும், அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வெண் கொஞ்சம் மாறிவிடும். நாம் பயன்படுத்தும் 1550 நானோமீட்டர் ஒளிக்கு அந்த மாற்றம் சுமார் 10.8 கிகாஹெர்ட்ஸ். பிரெஞ்சுக்காரர் லியோன் பிரில்லுவான் 1922-இல் இப்படி ஒன்று இருக்கும் என்று சொன்னார், அவர் பெயரே நிலைத்துவிட்டது. இழையை இழுத்தால் இந்த எண் ஏறும், நசுக்கினால் இறங்கும். ஒரு மீட்டர் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மாறினால் அதை ஒரு மைக்ரோ ஸ்ட்ரெய்ன் என்கிறார்கள், ஒவ்வொரு மைக்ரோ ஸ்ட்ரெய்னுக்கும் சுமார் 0.05 மெகாஹெர்ட்ஸ் நகர்கிறது. 1989-இல் ஜப்பானில் என்டிடி நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் இதை ஒரு முழு அளவை முறையாகவே காட்டிவிட்டார்கள்.

எனக்கு இது மண்டையில் ஏறியது உருமியை வைத்துத்தான். சின்ன வயதில் தைப்பூசத்துக்கு உருமி மேளக் குழுவோடு சுற்றியவன் நான். கயிற்றை இழுத்தால் தோல் விறைத்துச் சுருதி ஏறும், அதைக் காதால் கேட்டே எவ்வளவு இழுத்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். இங்கே 190 மீட்டர் இழைக்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் தனித்தனிச் சுருதி கிடைக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் தப்பு (பறை) அடிப்பவர்கள் கயிற்றை இழுப்பதில்லை, தீ மூட்டித் தோலைக் காய்ச்சுவார்கள், அதிலும் சுருதி ஏறும். இந்த இரண்டாவது பாதியை நான் சரியான நேரத்தில் யோசித்திருந்தால் இந்தப் பதிவு பாதியில் முடிந்திருக்கும்.

கேபிள் சுருள்கள் வீட்டு வாசலுக்கு வந்தபோது முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. நம் தொழிலில் கண்ணாடியின் மேல் இழுப்பு படவே கூடாது. குழாய்க்குள் ஜெல்லி நிரப்பி, அதில் இழையைக் கொஞ்சம் கூடுதல் நீளத்தோடு மிதக்கவிட்டு, கேபிளை இழுத்தாலும் இழைக்குத் தெரியாதபடி செய்திருப்பார்கள். திரிபு அளக்கும் கேபிள் அதற்கு நேர் எதிர். இழை, அதன் உறை, வெளி உறை எல்லாம் ஒன்றோடொன்று இறுகப் பிடித்து, வெளியே கரடுமுரடாக, கான்கிரீட் நசுங்கினால் கண்ணாடியும் கூடவே நசுங்கும்படி செய்திருக்கிறார்கள். பதினெட்டு வருடம் இழுப்பு படாமல் காத்தவனிடம் போய் இழுப்பு படுகிற மாதிரி கட்டு என்றால் கை எப்படி வரும்.

அந்த இறுக்கமான கேபிளில் இரண்டு சுற்று, ஏ என்றும் பி என்றும் பெயர் வைத்தோம். ஒவ்வொன்றும் மேலிருந்து இறங்கி, அடியில் வளைந்து, எதிர்ப்பக்கமாக ஏறி வரும். ஆக, பைலின் நாலு பக்கமும் நாலு நூல். எதிரெதிர் நூல்களின் அளவைச் சராசரி எடுத்தால் பைல் லேசாக வளைவதால் வரும் திரிபு அடிபட்டுப் போய், நேர் சுமையால் வருவது மட்டும் மிஞ்சும். இரண்டு சுற்றையும் ஒரு ஸ்பிளைஸில் இணைத்து ஒரே நீளமாக்கிவிட்டோம், மொத்தம் 190 மீட்டர் சொச்சம். இதோடு மூன்றாவதாக ஒரு கேபிளும் வந்திருந்தது, நான் தினமும் பார்க்கும் சாதாரண ஜெல்லிக் கேபிள். “அதையும் கூடவே கட்டிடுங்கண்ணே” என்றான் தம்பி. ஸ்பேர் போலிருக்கிறது என்று நானாகவே முடிவுகட்டி, கட்டியும் விட்டேன். ஏன் என்று கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

இந்த வேலைக்குப் போகிறவர்கள் அடி வளைவை அலட்சியமாக விடாதீர்கள். கேபிள் 5 மி.மீ. தடிமன், நான் 10 செ.மீ. ஆரத்துக்குக் குறையாமல் வளைத்து, வளைவின் மேல் பாதியாகப் பிளந்த பிவிசி குழாயைக் கவிழ்த்து, அதற்குக் கீழே ஒரு இரும்புக் கோணத்தையும் வைத்துக் கட்டினேன். கூட்டின் அடி தரையில் இடித்தால் இரும்பு வாங்கிக்கொள்ளும். கேபிளைக் கூட்டின் வெளிப்பக்கம் கட்டினால் துளைச் சுவரில் உராயும், உள்பக்கம் கட்டினால் கான்கிரீட் ஊற்றும் டிரெமி குழாய் வந்து தட்டும், அதனால் மெயின் கம்பியின் பக்கவாட்டில்தான் ஓட்ட வேண்டும். கேபிள் டையை உயிர் போகிற மாதிரி இறுக்காதீர்கள், இறுக்கிய இடமெல்லாம் ஓடிடிஆரில் சின்னச் சின்னப் படியாகத் தெரியும். கேபிள் தொய்யாமல் இருக்கக் கையாலேயே கொஞ்சம் இழுத்து விறைப்பாகக் கட்டினோம். பின்னால் பார்த்தால் அந்த விறைப்பு சுமார் 1000 மைக்ரோ ஸ்ட்ரெய்ன், அதாவது 50 மெகாஹெர்ட்ஸ் ஏற்றம். கட்டிய பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வரைபடத்தில் மேடு மாதிரி தனியாகத் தெரிந்தது பெரிய உதவியாக இருந்தது.

கூடு இறக்கும் நாளை நினைத்தால் இப்போதும் வியர்க்கிறது. கம்பி 12 மீட்டர் நீளத்தில்தான் வரும், ஆகவே கூடும் மூன்று துண்டு. முதல் துண்டைத் துளையில் இறக்கித் தொங்கவிட்டு, இரண்டாவதை கிரேன் தூக்கி மேலே நிறுத்த, இரண்டையும் பற்றவைப்பார்கள். என் கேபிள்கள் எல்லாம் முதல் துண்டில் கட்டி, மீதி சுருளாகப் பக்கத்தில் கிடக்கின்றன. வெல்டர் பற்றவைக்கும்போது தெறிக்கிற நெருப்புப் பொறி ஒவ்வொன்றும் நேரே என் கேபிளைத் தேடித்தான் வருகிறது. “இருங்க இருங்க” என்று கத்தினேன், வெல்டர் வங்காளதேசத்துப் பையன், அவனுக்கு என் தமிழும் புரியவில்லை, என் மலாயும் கிரேன் சத்தத்தில் கேட்கவில்லை. மண்டோர்தான் காப்பாற்றினார். எழுபதை நெருங்கும் மனிதர், ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், சைட்டில் எல்லோரும் அவரை மண்டோர், அதாவது மேஸ்திரி, என்றே கூப்பிடுவார்கள். எங்கிருந்தோ இரண்டு கோணிச் சாக்கைக் கொண்டுவந்து, தண்ணீரில் முக்கி, கேபிள் மேல் சுற்றிவிட்டு, “தம்பி, கேபிள் மாட்டுக்குச் சாக்கு போட்டாச்சு, இனிமே பொறி கடிக்காது” என்றார். இரண்டாவது இணைப்பில் அப்படித்தான் செய்தோம். முதல் இணைப்பில் ஏற்கெனவே ஒரு பொறி விழுந்து உறை உருகியிருந்தது, ஓடிடிஆரில் அந்த இடத்தில் 0.8 டெசிபெல் இழப்பு. நம் தொழிலில் அது சகிக்காத எண், ஒரு நல்ல ஸ்பிளைஸ் 0.05-க்குள் இருக்கும். ஆனால் மொத்த நீளமே 190 மீட்டர்தான் என்பதால் கருவி அதைத் தாங்கிக்கொள்ளும் என்றான் தம்பி. தாங்கியது.

மதியம் மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது, மாலை கான்கிரீட் ஊற்றி முடித்து வீட்டுக்குப் போகும்போது மணி பதினொன்று.

மூன்றாம் நாள் அளவைக் கருவி வந்தது. ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் வாடகைக்கு எடுத்த பெட்டி, இரண்டு பேர் தூக்க வேண்டும். இது இழையின் இரண்டு முனையையும் கேட்கும். ஒரு முனையிலிருந்து குட்டித் துடிப்பாக ஒளி போகும், மறுமுனையிலிருந்து தொடர் ஒளி எதிரே வரும். இரண்டுக்கும் இடையே உள்ள அதிர்வெண் வித்தியாசம் அந்த இடத்துக் கண்ணாடியின் சுருதியோடு பொருந்தினால், எதிரே வரும் ஒளி கொஞ்சம் பெருகும். கருவி அந்த வித்தியாசத்தைப் படிப்படியாக மாற்றி மாற்றிப் பார்த்து, எந்த மீட்டரில் எந்த எண்ணில் பெருக்கம் உச்சத்துக்குப் போகிறது என்று குறித்துக்கொள்ளும். துடிப்பு 10 நானோநொடி இருந்தால் ஒரு மீட்டர் நுணுக்கம் கிடைக்கும். அதைவிடக் குறைத்தால் அந்த ஒலி அலை வளர்ந்து நிற்கவே நேரம் போதாது, உச்சம் கூர் மழுங்கிப் பரந்துவிடும். ஆகவே ஒரு மீட்டரிலேயே வைத்துக்கொண்டோம்.

முதல் நாள் இணைப்பியைச் சுத்தம் செய்யாமல் செருகப்போன ஆய்வகத்துப் பையனின் கையைப் பிடித்துத் தடுத்தேன். வீட்டு ஃபைபரில் தூசி இருந்தால் வேகம் குறையும், அவ்வளவுதான். இந்தப் பெட்டி அனுப்பும் துடிப்பின் பலத்துக்குத் தூசி அங்கேயே கருகிக் கண்ணாடி முகத்தில் ஒட்டிக்கொண்டால் அப்புறம் இணைப்பியையே வெட்டி எறிய வேண்டியதுதான். துடைக்கும் பேனாவை ஒவ்வொரு தடவையும் கிளிக் செய், பூதக்கண்ணாடியில் பார், அப்புறம் செருகு. இந்த ஒரு விஷயத்திலாவது அவர்களுக்கு நான் வாத்தியார்.

அடுத்து, வரைபடத்தில் பைலின் தலை எந்த மீட்டரில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கேபிளின் மேல் அச்சடித்த மீட்டர் எண்ணை நம்ப முடியாது, உறையின் நீளமும் இழையின் நீளமும் சரியாக ஒன்றாக இருப்பதில்லை. தம்பி ஒரு யோசனை சொன்னான், பைல் தலைக்கு வெளியே வரும் கேபிளில் மூன்று மீட்டரைச் சுருட்டி ஐஸில் போடலாம் என்று. பக்கத்தில் செண்டோல் விற்பவரிடம் ஐஸ் வாங்கிவந்து ஒரு பெட்டியில் கொட்டிச் சுருளைப் புதைத்தோம். மூன்று மீட்டர் ஏன் என்றால், ஒரு மீட்டருக்குக் குறைவாக இருந்தால் பக்கத்து மீட்டரோடு கலந்து அளவு பாதியாகிவிடும். கருவி ஓடி முடித்ததும் அந்த இடத்தில் 26 மெகாஹெர்ட்ஸ் பள்ளம், கத்தியால் வெட்டியது போல. “பாத்தீங்களா, 520 மைக்ரோ ஸ்ட்ரெய்ன் நசுங்கின மாதிரியே காட்டுது” என்று தம்பி சிரித்தான். நானும் சிரித்தேன். யாரும் அதை நசுக்கவில்லை, வெறும் ஐஸ். பதில் அப்போதே கண் முன்னால் இருந்தது, எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. அன்றைய அளவையே தொடக்க அளவாகப் பதிந்துகொண்டு, மீதி ஐஸைத் தண்ணீர் பாட்டிலில் போட்டுக் குடித்துவிட்டுப் போனோம்.

இரண்டு வாரம் கழித்துப் பைல் தலையை உடைத்தார்கள். கான்கிரீட் ஊற்றும்போது மேலே கடைசியாக வருவது சேறும் கசடுமாக இருக்கும் என்பதால், தேவைக்கு மேல் ஒரு மீட்டர் ஊற்றி, பிறகு அதைக் கொத்தி எடுத்துவிடுவார்கள். அது தெரிந்துதான் கேபிள் வெளியே வரும் இடமெல்லாம் பிவிசி குழாய் போட்டுச் சிவப்பு டேப்பும் சுற்றியிருந்தேன். சிவப்பு டேப்பைக் கண்டால் பிரேக்கர் ஓட்டுபவருக்கு ஒரு வேகம் வரும் போலிருக்கிறது. ஏ சுற்றின் முதல் கால் அறுந்தது. இரண்டு சுற்றும் ஒரே தொடராக இருப்பதால் மொத்தக் கருவியும் குருடு. ஓடிடிஆரில் லாஞ்ச் ஃபைபர் (முன்னால் சேர்க்கும் கூடுதல் இழை) போட்டு இரண்டு பக்கமிருந்தும் அளந்தேன், லாஞ்ச் ஃபைபர் இல்லாவிட்டால் இவ்வளவு கிட்டத்தில் இருப்பது கருவியின் குருட்டுப் பகுதிக்குள் விழுந்துவிடும். முனையிலிருந்து 15.7 மீட்டரில் அறுந்திருக்கிறது, வெளிக்கேபிள் 15 மீட்டர், ஆக உடைக்கும் பகுதிக்குள் 70 செ.மீ. ஆழத்தில். மிஞ்சப்போகும் வால் 30 செ.மீ. மட்டும்.

முப்பது செ.மீ. வாலில் ஸ்பிளைஸ் அடிப்பது என்றால், ஸ்பிளைசரை மடியில் வைத்துக்கொண்டு பைல் தலையில் மண்டியிட வேண்டும். சுற்றிலும் ஆள் உயரத்துக்குக் கம்பிகள் கூண்டு மாதிரி நிற்கின்றன. பக்கத்துப் பைலில் பிரேக்கர் ஓடுகிறது, தூசி பறக்கிறது. மண்டோர் ஒரு பெரிய மார்க்கெட் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளி உறையை உரிக்கவே பாதி நேரம், அது உரிக்கக் கூடாது என்பதற்காகவே செய்த உறை. முதல் தடவை வெட்டிய முகம் சாய்ந்திருக்கிறது என்று ஸ்பிளைசர் மறுத்தது. மூன்று செ.மீ. போச்சு. இரண்டாவது தடவை பள்ளத்தில் மணல் துகள், இரண்டு இழையும் நேராகச் சேராமல் குமிழி விட்டு உருகியது. இன்னொரு மூன்று செ.மீ. போச்சு. பிரேக்கரை நிறுத்தச் சொல்லி மண்டோர் ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், பக்கத்துச் சைட்டிலும் நின்றிருக்கும். மின்முனையைத் துடைத்து, பள்ளத்தை ஆல்கஹாலில் கழுவி, ஆர்க் அளவைத் திரும்பச் சரிபார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது. 0.03 டெசிபெல். எழுந்து நின்றபோது கால் மரத்துப்போய் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதன் மேல் ஒரு இரும்புக் குழாயைக் கவிழ்த்து மூடிவிட்டேன், இந்தத் தடவை சிவப்பு டேப் கிடையாது.

இருபத்தெட்டாம் நாள். சுமார் 900 டன் கான்கிரீட் கட்டிகளை மேடை மேல் அடுக்கியாயிற்று, அந்தப் பாரத்தை எதிர்த்துத்தான் ஜாக் பைலைக் கீழே அழுத்தும். காலை ஏழு மணி, சுமை பூஜ்யம். சும்மா ஒரு தடவை ஓட்டிப் பார்ப்போம் என்று கருவியைத் தட்டினோம். நாலு நூலிலும், பைலின் நடுப்பகுதியில் 380 மைக்ரோ ஸ்ட்ரெய்ன் நசுக்கம்.

தம்பி கைப்பேசியில் கணக்குப் போட்டான். கான்கிரீட்டின் குறுக்குப் பரப்பு 0.64 சதுர மீட்டர், விறைப்பு 30 கிகாபாஸ்கல் என்று வைத்துக்கொண்டால், இந்தப் பைல் இப்போதே 7000 கிலோநியூட்டனுக்கு மேல் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதன் தலையில் அப்போது இருந்தது ஒரு மைனா. “சுமை ஏத்தாமலே பாஸ் பண்ணிருச்சு, வீட்டுக்குப் போலாமா” என்றார் மண்டோர்.

முதல் சந்தேகம் என் ஸ்பிளைஸ் மேல் விழுந்தது. நியாயம்தான், ஆனால் ஸ்பிளைஸ் கெட்டால் இழப்பு கூடும், முப்பது மீட்டருக்கும் சுருதி இறங்காது. அதுவும் பி சுற்றில் நான் கையே வைக்கவில்லை, அங்கேயும் அதே 380. இணைப்பியைத் துடைத்தோம், கருவியை அணைத்துப் போட்டோம், இரண்டு முனையையும் மாற்றிச் செருகினோம். எண் அசையவில்லை. ஆய்வகத்துப் பையன்தான் கடைசியில், “அண்ணே, அந்த ஜெல்லிக் கேபிளோட அளவு எங்கே?” என்றான். எந்த அளவு? ஸ்பேரை யாராவது அளப்பார்களா?

அது ஸ்பேர் இல்லை. ஜெல்லிக்குள் மிதக்கும் இழைக்குக் கான்கிரீட் நசுங்குவது தெரியாது, சூடு மட்டும்தான் தெரியும். அதற்காகவேதான் வைத்திருக்கிறார்கள். வெப்பம் ஒரு டிகிரி மாறினால் இந்தச் சுருதி சுமார் 1 மெகாஹெர்ட்ஸ் நகரும், அதாவது 20 மைக்ரோ ஸ்ட்ரெய்ன் போல வேஷம் போடும். சிமெண்ட் இறுகும்போது சூடாகும் என்பது கொத்தனாருக்குக்கூடத் தெரியும், 900 மி.மீ. தடிமனுள்ள பைலின் உள்ளே அந்தச் சூடு நாட்கணக்கில் நிற்கும். மூன்றாம் நாள், பைல் காய்ச்சலில் கொதித்துக்கொண்டிருந்தபோது அளந்ததை நாங்கள் பூஜ்யம் என்று எழுதிவைத்திருக்கிறோம். தப்பைத் தீயில் காட்டி ஏற்றிய சுருதியைக் கேட்டுவிட்டு, ஆறியதும் யாரோ கயிற்றைத் தளர்த்திவிட்டார்கள் என்று தேடிய கதை.

அன்றைய சூடு எவ்வளவு என்று ஜெல்லிக் கேபிள் இனிச் சொல்ல முடியாது, அதைத்தான் நாங்கள் அளக்கவே இல்லையே. நல்லவேளை, பழைய பாணித் திரிபுமானி ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வெப்பமானி இருக்கும், அவற்றின் பதிவு பெட்டி முதல் நாளிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் 43 டிகிரி, இன்று 29. பதினாலு டிகிரி இறக்கம் என்றால் 280 மைக்ரோ ஸ்ட்ரெய்ன் வெறும் வேஷம். மீதி 100 நிஜம், ஆறும்போது கான்கிரீட் சுருங்கியது. கட்டில்லாமல் இருந்தால் டிகிரிக்குச் சுமார் 10 வீதம் 140 சுருங்கியிருக்கும், சுற்றியிருக்கும் மண் பிடித்துக்கொண்டதால் அவ்வளவு சுருங்கவில்லை என்று தம்பி விளக்கினான். அவன் முகம் தெளிந்ததைப் பார்த்த பிறகுதான் நான் கோப்பி ஓ வாங்கப் போனேன்.

சூடும் திரிபும் இப்படிக் கலந்து வருவதுதான் பிரில்லுவான் முறையின் தலைவலி. சூட்டை மட்டும் தனியாக அளக்க ஃபைபரிலேயே இன்னொரு வழி இருக்கிறது, இராமன் சிதறல். திருச்சியில் பிறந்த சி. வி. இராமன் 1928-இல் கண்டது. அதற்குத் திரிபு ஏறக்குறையத் தெரியாது, வெப்பம் நன்றாகத் தெரியும். அதே இராமன் மிருதங்கத்தின் ஒலி ஏன் மற்றத் தோல் கருவிகளைப் போலக் கலங்காமல் சுருதியோடு நிற்கிறது என்றும் ஆராய்ந்து எழுதியவர் என்று பின்னால் படித்தேன். எங்களிடம் இராமன் கருவி இல்லை, இருந்தது மூன்றாவது கேபிள். அதை உடனே கருவியோடு இணைக்க ஸ்பிளைஸ் அடித்தேன். மூன்றாம் நாள் அளவைத் தூக்கிப் போட்டுவிட்டு, அன்று காலை ஏழரை மணி அளவையே புதிய பூஜ்யம் ஆக்கினோம். ஒவ்வொரு சுமைப் படியிலும் திரிபுக் கேபிள் ஒன்று, ஜெல்லிக் கேபிள் ஒன்று என்று இரண்டு ஓட்டம்.

சோதனை மூன்று பகல், இரண்டு இரவு நடந்தது. ஜெனரேட்டர் ஒரு தடவை நின்றது, யுபிஎஸ் இருந்ததால் தப்பித்தோம். இரண்டாவது இரவு மழையில் கருவிக் கூடாரத்தின் தரையில் தண்ணீர் ஓட, பெட்டியை நாசி கண்டார் கடைப் பிளாஸ்டிக் நாற்காலிகள் இரண்டின் மேல் ஏற்றிவைத்தோம். மற்றபடி சலிப்பான வேலை. ஜாக்கை ஏற்று, ஒரு மணி நேரம் காத்திரு, அள, அடுத்த படி. ஆழத்தில் சூடு ஒரு டிகிரிகூட மாறவில்லை என்று ஜெல்லிக் கேபிள் காட்டிக்கொண்டே இருந்தது. மேல் ஒன்றரை மீட்டரில் மட்டும் வெயிலுக்கு ஏறி, இரவில் இறங்கியது, அங்கே மட்டும் கழித்துக்கொண்டோம்.

4000 கிலோநியூட்டனில் பைலின் மேல் மீட்டரில் 207 மைக்ரோ ஸ்ட்ரெய்ன். தம்பியின் கணக்கு 210. அந்த ஒரு எண்ணைப் பார்த்ததும் ஐந்து வாரக் களைப்பும் போய்விட்டது. அதிலிருந்து கோடு கீழே போகப் போகக் குறைந்துகொண்டே போகிறது. மேலே இருக்கும் கறுப்பு நிறக் கடல் களிமண் கிட்டத்தட்ட ஒன்றுமே தாங்கவில்லை, கோடு செங்குத்தாகவே இறங்குகிறது, 19 மீட்டருக்குக் கீழே இறுகிய மண் வந்ததும்தான் சாய்கிறது.

ஆனால் 17-க்கும் 19-க்கும் இடையில் ஒரு கடி. 178 இருக்க வேண்டிய இடத்தில் 130. அடுத்த படியிலும் அதே இடத்தில், அதே விகிதத்தில். நாலு நூலிலும். மறுபடி சூடா என்று முதலில் அதைத்தான் பார்த்தேன், ஒரு தடவை சூடுபட்டவன் இல்லையா. ஜெல்லிக் கேபிள் அங்கே சமதளம். மண் சுமையை வாங்கியிருந்தால் அதற்குக் கீழேயும் குறைவாகவே தொடர வேண்டும், இங்கேயோ 19 மீட்டரில் பழைய கோட்டுக்கே திரும்பிவிடுகிறது. அப்படியென்றால் அந்த இடத்தில் பைல் பருத்திருக்கிறது. ஒரே சுமை, பரப்பு அதிகம், அதனால் நசுக்கம் குறைவு. விகிதத்தைப் போட்டால் விட்டம் 900-க்குப் பதில் சுமார் 1050 மி.மீ. வருகிறது.

மண்டோர் தன் கசங்கிய நோட்டைக் கொண்டுவந்தார். கான்கிரீட் ஊற்றிய அன்று ஒவ்வொரு லோரி காலியானதும் துளைக்குள் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கயிறு விட்டு அளந்து எழுதிவைத்திருக்கிறார். ஆறு கன மீட்டர் லோரி ஒவ்வொன்றுக்கும் 9 மீட்டர் அளவில் ஏறியிருக்கிறது. இரண்டாவது லோரிக்கு மட்டும் 8.2. அந்த லோரி நிரப்பிய ஆழத்துக்குள்தான் இந்த 17 முதல் 19 மீட்டரும் வருகிறது. துளையிட்ட பதிவில் பார்த்தால் 16 முதல் 19 வரை தளர்ந்த மணல். மணல் சரிந்து பொந்தாகி, கான்கிரீட் அதை நிரப்பியிருக்கிறது. திரிபுமானிகள் 10-லும் 20-லும் உட்கார்ந்துகொண்டு இதை எட்டிக்கூடப் பார்த்திருக்காது. பருத்திருப்பதால் பைலுக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. இதுவே மெலிந்திருந்தால் கதை வேறு, அங்கே எண் ஏறியிருக்கும்.

“நான் அன்னைக்கே சொன்னேன், அந்த லோரி பத்தலைன்னு” என்றார் மண்டோர். சொன்னாரா என்று யாருக்கும் நினைவில்லை. நோட்டில் இருந்ததால் ஒத்துக்கொண்டோம்.

8000 கிலோநியூட்டனில் உச்சியில் 410, அடியில் 60. பைல் தேறிவிட்டது. கட்டிகளை இறக்கி, லோரி ஏற்றி, எல்லாம் போனபின் கேபிள் முனைகளை ஒரு இரும்புப் பெட்டிக்குள் சுருட்டிவைத்தேன், கட்டடம் எழும்பும்போதும் அளக்க வேண்டும் என்கிறான் தம்பி. பச்சை மூடிகளைப் போட்டு, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இரண்டை உள்ளே வைத்து, ஏ, பி என்று பட்டி ஒட்டினேன். மூன்றாவது கேபிளில் ‘இது ஸ்பேர் இல்லை’ என்று தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டினேன். வங்காளத்தில் எழுதித் தரும்படி வெல்டர் பையனிடம் கேட்டிருக்கிறேன்.